மதியம் பன்னிரண்டரைக்கும் ருசிக்க வேண்டும்: டர்பன் வீடுகளுக்கு டப்பா கட்டும் முறை

காலை ஐந்தரை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கும்போது மணக்கிற கறி, மதியம் டப்பாவைத் திறக்கும்போதும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏழு மணி நேர இடைவெளியில் சோறு விறைக்கிறது, ரொட்டி காய்கிறது, ஆட்டிறைச்சிக் கொழுப்பு வெள்ளையாக உறைகிறது, வெட்டிய தக்காளி நீர் விடுகிறது. அந்த ஏழு மணி நேரத்தைத் தாங்குகிற பண்டம் எது, தாங்காதது எது என்று தெரிந்துகொண்டால் டப்பா கட்டுவதில் பெரும்பகுதி முடிந்தது. டர்பன் புறநகர்களான ஃபீனிக்ஸிலிருந்து டாக்சி பிடித்தும் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறியும் வேலைக்குப் போகிறவர்கள் வாரத்தில் ஐந்து நாளும் மதியச் சாப்பாட்டைக் கடையில் வாங்கினால் சம்பளத்தில் எவ்வளவு போகும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்லப்போவது வீட்டிலேயே குறைந்த செலவில், ஆறினாலும் ருசி கெடாமல் கட்டும் வழி.

முதலில் ஒரு பொது விதி. ஆறிய சாப்பாட்டில் உப்பும் காரமும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த உருளைக்கிழங்கு வறுவல், ஆறியபின் சப்பென்று இருப்பது அதனால்தான். சூடாக்க வசதியில்லாத இடத்துக்குக் கட்டுகிறீர்கள் என்றால் ஒரு சிட்டிகை உப்பும் அரை எலுமிச்சம்பழச் சாறும் கூடுதலாகச் சேருங்கள். நெய், வெண்ணெய் தாளிப்பைத் தவிர்த்துச் சூரியகாந்தி எண்ணெயில் தாளியுங்கள், அது உறையாது.

மளிகைப் பட்டியலை வரியிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் வாங்கும் பெரும்பாலான பொருளுக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. ஆனால் சில அடிப்படை உணவுகளுக்கு அந்த வரி சுழியம். காய்ந்த பீன்ஸ், பருப்பு வகைகள், அரிசி, மீலி ரைஸ் (அரிசி போல உடைத்த மக்காச்சோளம்), மீலி மாவு (மக்காச்சோள மாவு), சாம்ப் (பெரிதாக உடைத்த மக்காச்சோளம்), பிரவுன் பிரெட், முட்டை, பால், அமாசி (தயிர் போலப் புளித்த பால்), தாவர எண்ணெய், காய்கறி, பழம், டின்னில் வரும் பில்ச்சர்ட் மீன் (மத்தி வகை) எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 1 முதல் கேக் மாவும் பிரெட் மாவும் சேர்ந்தன. பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தால் நம் வீட்டு டப்பாவுக்கு வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே இருப்பது தெரியும்: ரொட்டிக்கு மாவு, கறிக்குச் சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்), டோல் என்னும் பருப்புக் குழம்புக்குப் பருப்பு, தயிர்ச்சோற்றுக்கு அமாசி.

சில நுணுக்கங்கள் உண்டு. காய்ந்த பீன்ஸுக்கு வரியில்லை, டின்னில் வரும் பேக்ட் பீன்ஸுக்கு உண்டு. அமாசிக்கு இல்லை, யோகர்ட்டுக்கு உண்டு. பிரவுன் பிரெட்டுக்கு இல்லை, வெள்ளை பிரெட்டுக்கு உண்டு. எண்ணெயில் ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் சலுகை கிடையாது. உறையவைத்த பட்டாணிக்கு வரியில்லை, டின் பட்டாணிக்கு உண்டு. கோழிக்கும் ஆட்டுக்கும் முழு வரி. ஆகவே இறைச்சியை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு மற்ற நாட்களைப் பருப்பு, முட்டை, டின் மீன் என்று ஓட்டுவதுதான் பணத்தை மிச்சப்படுத்தும் நேர்வழி. செவ்வாய், வெள்ளியில் சைவம் வைத்திருக்கும் வீடுகளுக்கும் புரட்டாசி முழுக்க விரதம் இருப்பவர்களுக்கும் இது சிரமமாகவே தெரியாது.

சுகர் பீன்ஸ் கறி

டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான கறி இல்லை. மறுநாள் ருசி கூடும், பிரீசரில் கெடாது, ரொட்டி, சோறு, பிரெட் மூன்றோடும் சேரும். அரைக் கிலோ காய்ந்த பீன்ஸ் வேகும்போது ஒரு கிலோவைத் தாண்டும். அதில் ஆறேழு மதியச் சாப்பாடு கிடைக்கும்.

முந்தைய இரவே பொறுக்கிக் கழுவி, பீன்ஸுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள். கோடைக்காலத்தில், முக்கியமாக ஜனவரி முதல் மார்ச் வரை, டர்பன் புழுக்கத்தில் வெளியே வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பிரஷர் குக்கரில் 20 முதல் 25 நிமிடம். சாதாரணப் பானையில் ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை விடக்கூடாது. சுகர் பீன்ஸ், ரெட் கிட்னி பீன்ஸ் இரண்டும் ஒரே இனம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருந்தால் அவற்றில் உள்ள லெக்டின் என்னும் பொருள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும். தளதளவென்று குறைந்தது பத்து நிமிடமாவது கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரில் ஊறின பீன்ஸை நேராகப் போட்டுக் குறைந்த சூட்டில் விடுவது ஆபத்து, ஏனென்றால் அந்தச் சூடு கொதிநிலையை எட்டாமலே போகலாம். முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டு அப்புறம் அதற்குள் மாற்றுங்கள்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு வொண்டர்பேக் நல்ல துணை. 2008-ல் சாரா காலின்ஸ் இந்த நாட்டில் உருவாக்கிய, உள்ளே திணிப்பு அடைத்த துணிப்பொதி அது. கொதிக்கிற பானையின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஊறிய பீன்ஸை 20 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியோடு பொதிக்குள் இறுக்கிக் கட்டி 5, 6 மணி நேரம் விட்டால் வெந்திருக்கும். பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். கால் பானை பீன்ஸுக்குச் சூடு நிற்காது. வெளியே எடுத்ததும் திரும்ப ஒருமுறை கொதிக்கவிடுங்கள். வொண்டர்பேக் இல்லையென்றால் தடித்த கம்பளியும் இரண்டு தலையணையும் அதே வேலையைச் செய்யும்.

கறிக்கு: மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு பட்டை, ஒரு பிரிஞ்சி இலை, அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு தேக்கரண்டி சீரகம் தாளியுங்கள். இரண்டு வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை சேர்த்துப் பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி கறி மசாலா, அரைத் தேக்கரண்டி மஞ்சள். மசாலா போட்டதும் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். அப்படியே உலர்ந்த சட்டியில் விட்டால் கருகிக் கசக்கும், அந்தக் கசப்பு மறுநாள் இன்னும் கூடும். பிறகு மூன்று தக்காளி. அது கரைந்ததும் வெந்த பீன்ஸ், வேகவைத்த தண்ணீரில் இரண்டு கப், உப்பு. 20 நிமிடம் கொதித்ததும் ஒரு குழிக்கரண்டி பீன்ஸைச் சட்டியின் ஓரத்தில் வைத்து மசித்துக் கலக்குங்கள். குழம்பு தானாகக் கெட்டியாகும், டப்பாவில் ஒழுகாது.

தக்காளியையோ புளியையோ பீன்ஸ் வேகும் முன்பே சேர்த்தால் எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் தோல் மெத்தென்று ஆகாது. புளிப்பு தோலை இறுக்கிவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் பீன்ஸ் வேகவில்லையென்றால் அது பழைய சரக்கு. வெப்பமும் ஈரமும் உள்ள அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பீன்ஸ் அப்படித்தான் இறுகும். அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் உதவும்; அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

இந்தக் கறியில் உருளைக்கிழங்கு போடுவது பல வீடுகளில் வழக்கம். அன்றே சாப்பிட அது சரி. பிரீசருக்குப் போகும் கறியில் போடாதீர்கள். உறைந்து இளகியதும் கிழங்கு பஞ்சாகித் தண்ணீர் விட்டு மணல் மணலாக ஆகிவிடும்.

மதியம் வரை மெத்தென்று இருக்கும் ரொட்டி

இங்குள்ள ரொட்டியின் ரகசியம் கொதிக்கிற தண்ணீர். கொதிநீர் படும்போது மாவின் ஒரு பகுதி அப்போதே வெந்து, அதிகத் தண்ணீரைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்கிறது. பச்சைத்தண்ணீரில் பிசைந்த ரொட்டி இரண்டு மணி நேரத்தில் அப்பளம் போல ஆகிவிடும். இது மதியம் தாண்டியும் மடங்கும்.

இரண்டு கப் கேக் மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். முக்கால் கப் கொதிநீரை ஊற்றி மரக்கரண்டியால் கலக்குங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் மூன்று நிமிடம் பிசையுங்கள். வறட்சியாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு கரண்டிச் சுடுநீர். மாவு காது மடல் அளவுக்கு மிருதுவாக இருக்க வேண்டும். மூடி 20 நிமிடம் விட்டு, ஆறு உருண்டையாக்கித் தேயுங்கள். தவா நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு 30 முதல் 40 வினாடி போதும். சூடு குறைவாக இருந்தால் ரொட்டி வேக நேரமெடுத்து அதற்குள் ஈரம் முழுக்கப் போய்விடும். மதியத்துக்குள் விறைத்துப்போகும் ரொட்டிகளில் பல, தவாவின் சூடு போதாததால் விறைத்தவை.

பிரெட் மாவில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் அதில் புரதம் அதிகம், ஆறினால் இழுவையாக இருக்கும். பிரவுன் மாவு விரும்புகிறவர்கள் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள், தண்ணீர் இரண்டு கரண்டி கூடுதல்.

சுட்ட ரொட்டியை உடனே ஃபாயிலில் சுற்றினால் ஆவி தண்ணீராகி ரொட்டி பிசுபிசுக்கும். திறந்துபோட்டால் காயும், ஜோஹனஸ்பர்க் பக்கத்துக் குளிர்கால வறண்ட காற்றில் இன்னும் வேகமாக. துணியில் அடுக்கி மூடிப் பத்து நிமிடம் விடுவதுதான் சரியான நடுவழி. அதன்பின் ரோல் சுற்றுங்கள்: ரொட்டியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மூன்று மேசைக்கரண்டி கறி, இரு ஓரமும் உள்ளே மடிப்பு, இறுக்கி ஒரே உருட்டு, முதலில் மெழுகுத்தாள், மேலே ஃபாயில். மைக்ரோவேவில் வைக்கும் முன் ஃபாயிலைக் கழற்ற மறக்கக்கூடாது என்று டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

காலையில் நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையே பக்கத்துக்கு 15 வினாடி மட்டும் சுட்டு, ஆறியதும் இடையிடையே பேக்கிங் தாள் வைத்துப் பிரீசரில் அடுக்கலாம். இளகவிடாமல் நேராகக் காய்ந்த தவாவில் போட்டால் ஒரு நிமிடத்தில் புது ரொட்டி.

ரோலுக்குள் வைக்கும் கறி உலர்ந்ததாக இருக்க வேண்டும். பீன்ஸ் கறியென்றால் குழம்பை வடித்து மசித்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கென்றால் நான்கைந்து கிழங்கைத் தோலோடு வேகவையுங்கள். உரித்து வெட்டி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும், அந்தத் தண்ணீர் மதியம் ரொட்டியை நனைக்கும். கடுகு, சீரகம், ஒரு காய்ந்த மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் ஒன்றரைத் தேக்கரண்டி மசாலாவும் போட்டு, கிழங்கை ஓரம் முறுகும்வரை பிரட்டி, கடைசியில் அரைக் கப் பட்டாணி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. நான்கு ரோலுக்குத் தாராளமாக வரும்.

பன்னி சௌவை டப்பாவில் கட்ட நினைப்பவர்கள் காலையிலேயே பிரெட்டைக் குடைந்து கறி ஊற்றிவிடக்கூடாது. மதியத்துக்குள் அடிப்பகுதி கூழாகிவிடும். கறியைத் தனியாக மூடித் திருகும் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, கால் பிரெட்டையும் குடைந்தெடுத்த நடுப்பகுதியையும் வேறாகச் சுற்றிக்கொள்ளுங்கள். சாப்பிடும் நேரத்தில் ஊற்றினால் போதும்.

டின் மீன்

400 கிராம் டின் பில்ச்சர்டில் நான்கு பேர் சாப்பிடலாம். முள் மிருதுவாக வெந்திருப்பதால் அதையும் சேர்த்து மசிக்கலாம். சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. நடுமுள்ளை எடுத்தெறிகிறவர்கள் பாதிப் பயனை எறிகிறார்கள்.

டப்பாவுக்குக் குழம்பாக வைப்பதைவிடக் கெட்டிச் சட்னியாக வைப்பது மேல். டின்னில் உள்ள தக்காளிச் சாற்றைத் தனியாக வடித்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒன்றரை மேசைக்கரண்டி மசாலா, ஒரு தக்காளி வதங்கியதும் அந்தச் சாற்றை ஊற்றி எண்ணெய் மேலே வரும்வரை வற்றவிடுங்கள். ஒரு தேக்கரண்டி புளிக்கரைசல். மீன் துண்டுகள் கடைசியில். அடுக்கி வைத்து ஐந்து நிமிடம் மூடுங்கள், கிளறாதீர்கள். மீன் ஏற்கெனவே வெந்தது, கிளறினால் உதிர்ந்து நார் நாராகும்.

கட்லெட்டாக வேண்டுமென்றால் வடித்த மீனோடு மசித்த இரண்டு உருளைக்கிழங்கு, பொடி வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, ஒரு முட்டை, இரண்டு துண்டுப் பிரவுன் பிரெட்டை உதிர்த்துச் சேர்த்துப் பத்தாகத் தட்டுங்கள். பொரிக்கும்போது உடைகிறதென்றால் கிழங்கில் ஈரம் அதிகம், அல்லது கலவை சூடாக இருக்கிறது. 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரியுங்கள். ஆறியும் நன்றாக இருக்கும், பிரவுன் பிரெட் நடுவில் வைத்தால் வயிறு நிறையும். வேலையிடத்தில் எல்லோரும் பயன்படுத்தும் மைக்ரோவேவில் மீனைச் சூடாக்கினால் அந்த வாடை மாலைவரை போகாது. கட்லெட்டை ஆறியபடியே சாப்பிடுவது உடன் வேலை செய்பவர்களுக்கும் நல்லது. மிச்ச மீனைத் திறந்த டின்னிலேயே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மூடியுள்ள வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

சோறு கட்டுவதில் கவனம்

சமைத்த சோறு பார்க்கச் சாதுவாக இருந்தாலும் டப்பாவில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். கொதித்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே இரவுச் சோற்றைப் பானையோடு அடுப்பின்மேல் விட்டுவைத்துக் காலையில் டப்பாவில் அள்ளுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோற்றை அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே சாப்பிட்டு முடிப்பது நல்லது.

ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பது இயல்பு. மைக்ரோவேவ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடியைத் தளர்த்தி வைத்து, நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். விறைப்பு முழுக்கப் போய்விடும். சூடாக்க வழியில்லையென்றால் ஃபிரிட்ஜ் சோறு வேண்டாம். காலையில் வடித்து, ஒரு கப் சோற்றுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிரட்டி, பரப்பி ஆறவைத்துப் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கிளறுங்கள்.

புளிக்காய்ச்சல் ஒருமுறை செய்துவைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். 100 கிராம் புளியை இரண்டு கப் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். அரைக் கப் சூரியகாந்தி எண்ணெயில் கடுகு, இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, எட்டுக் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். ஒரு தேக்கரண்டி மஞ்சளும் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பும் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றி, எண்ணெய் தனியே மிதக்கும்வரை 20, 25 நிமிடம் வற்றவிடுங்கள். நெல்லெண்ணெய் இங்கே விலை அதிகம். இறக்கும் முன் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் சேர்த்தால் மணம் வந்துவிடும். ஈரக் கரண்டி போட்டால் பூசணம் பிடிக்கும். ஒரு கப் சோற்றுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி அளவு. வேர்க்கடலையைக் காய்ச்சலோடு சேர்த்து வைக்காதீர்கள், நமத்துவிடும். காலையில் சோற்றோடு சேருங்கள்.

தயிர்ச்சோற்றுக்கு அமாசி மிகப் பொருத்தம். ஆனால் அமாசியை மட்டும் ஊற்றிக் கட்டினால் டர்பன் வெயிலில் மதியத்துக்குள் பல் கூசும் புளிப்பு வந்துவிடும். ஒரு கப் குழைந்த சோற்றுக்கு முக்கால் கப் காய்ச்சி ஆறிய பால், இரண்டு மேசைக்கரண்டி அமாசி மட்டும். போகிற வழியில் பால் உறைந்து, சாப்பிடும்போது அளவான புளிப்பில் இருக்கும். குளிர்காலத்தில் அமாசியை நான்கு கரண்டியாக்குங்கள். துருவிய காரட், இஞ்சி, கடுகு தாளிப்பு சேர்த்தால் தனிக்கறி வேண்டாம்.

மீலி ரைஸை இந்தத் தலைமுறை மறந்துவருகிறது, அது வருத்தம். ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வீடுகளில் அரிசிக்குப் பதிலாக அதுவும் கொதித்தது. ஒரு கப் மீலி ரைஸை அரை மணி நேரம் ஊறவைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், காரட், பட்டாணி தாளிப்பில் இரண்டரைக் கப் தண்ணீர் ஊற்றி உப்புமாவாகக் கிளறினால் ஆறிய பிறகும் கட்டியாகாது. ரவை உப்புமா டப்பாவில் செங்கல்லாகும். இது உதிரியாகவே நிற்கும்.

பச்சைக்கறி, ஊறுகாய், முட்டை

காரட், வெங்காயச் சம்பலில் வினிகரைக் காலையிலேயே ஊற்றலாம், உப்பை மட்டும் மதியம் போடுங்கள்; உப்புதான் நீரை இழுத்து வெளியே விடுகிறது. தக்காளியைத் துண்டாக்காமல் முழுசாக எடுத்துப் போங்கள். சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் இமிஃபினோ கீரை மலிவு. வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாயோடு தண்ணீர் சுண்டும்வரை வதக்கினால் டோல் சோற்றுக்கு வேறு எதுவும் தேவையில்லை. அவித்த முட்டையை ஓட்டோடு வையுங்கள், உரித்தால் வாடை பரவும். மாங்காய் ஆச்சார் ஒரு கரண்டி எப்போதும் தனிச் சிமிழில்.

சூடு, குளிர், லோட்ஷெடிங் (மின்வெட்டு)

டோல், ரசம், பீன்ஸ் கறியைச் சூடாகவே சாப்பிட வேண்டுமானால் வாயகன்ற உணவுக் குடுவை ஒன்றில் பணம் போடுவது வீண் போகாது. வெறும் குடுவையில் கறியை ஊற்றினால் குடுவையின் சுவரே சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் கொதிநீர் நிரப்பி மூடிப் பத்து நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். உடனே கொதிக்கிற கறியைக் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி நிரப்பிய குடுவை சீக்கிரம் ஆறும். குடுவை நல்லதா என்று பார்க்க, கொதிநீர் நிரப்பி ஆறு மணி நேரம் கழித்துச் சமையல் வெப்பமானியால் அளங்கள்: 60 டிகிரிக்கு மேல் இருந்தால் நம்பிக் கொண்டுபோகலாம். டோல் ஆற ஆறக் கெட்டியாகும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு கரண்டி நீர்க்க வையுங்கள்.

குளிர்ச்சியாகப் போக வேண்டியவை 5 டிகிரிக்குக் கீழே இருப்பது பாதுகாப்பு. குளிர்ப்பையில் ஐஸ் பிரிக்கை டப்பாவுக்கு மேலே வையுங்கள். குளிர் கீழே இறங்கும், அடியில் வைத்தால் மேல்பாதி சூடாகவே இருக்கும். பிரீசரிலிருந்து எடுத்த கறி டப்பாவே சைவ நாட்களில் ஐஸ் பிரிக்கின் வேலையைச் செய்யும், மதியத்துக்குள் பாதி இளகி மைக்ரோவேவுக்குத் தயாராகவும் இருக்கும்.

வேலையிடத்தில் மின்சாரம் எப்போதும் இருக்கும் என்று நம்பிக் கட்டக்கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது ஆறிய நிலையிலேயே ருசிக்கும் டப்பா, அதாவது ரோல், கட்லெட், புளிசாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிரைக் காக்கும். நிறைந்த பிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பிரீசரில் இடம் காலியாக இருந்தால் இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி அடைத்துவையுங்கள், கழுத்தில் மூன்று விரல் இடம் விட்டு. உறையும்போது தண்ணீர் விரியும்.

கறியைப் பிரீசரில் வைக்கும்போது ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, தட்டையாக, தேதி எழுதி வையுங்கள். தட்டையானது சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இரண்டு மூன்று மாதம் ருசி மாறாது. ஃபிரிட்ஜில் என்றால் மூன்று நாள்.

டப்பாவைப் பற்றி

ஸ்கஃப்டினாக, அதாவது சாப்பாட்டு டப்பாவாக, இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைப் பயன்படுத்தாத வீடு இங்கே குறைவு. ரொட்டிக்கும் பழத்துக்கும் அது போதும். ஆனால் அது சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. மைக்ரோவேவில் வைத்தால் நெளிந்து எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். சூடாக்க வேண்டிய கறிக்கு இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரமே சரி. பழைய எவர்சில்வர் அடுக்கு இருந்தால் அதை எடுங்கள், சோறும் கறியும் கலக்காமல் போகும். மைக்ரோவேவ் இல்லாத இடத்துக்கு அதைவிட நல்லது கிடையாது.

மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கீறாதீர்கள், கீறலில்தான் எண்ணெயும் வாடையும் தங்கும். கழுவி ஈரத்தோடு வெயிலில் ஒரு பகல் கவிழ்க்காமல் திறந்து வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். டப்பா புளித்த வாடை அடிப்பதற்குப் பெரும்பாலும் அந்த இடுக்குதான் காரணம். வளையம் தளர்ந்துவிட்டால் குழம்பு ஒழுகும், அதன்பின் அந்த டப்பாவை உலர்ந்த பண்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.